அஞ்சினான் புகலிடமும் அங்காடித் தெருவும்

கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூர். வானளாவிய விமானம் ஒன்றும், மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட செங்கற் சுவர்களும், பொன்னேரி எனப்படும் சோழகங்கம் என்னும் பேரேரியும் இல்லையாயின், இவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசு ஆளப்பட்டது என்பதை எவரும் நம்பார். கோயிலின் திருமதிற் கற்களும் 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் கீழணை கட்டுதற்காகப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன. எஞ்சியவற்றை விளைநிலங்கள் மூடிக்கொண்டன.

முதலாம் இராசேந்திரன் (1014–1044) தஞ்சையை விடுத்துக் கொள்ளிடத்திற்கு வடக்கே, காவிரியின் வளம் நேரே பாயாத மேட்டு நிலத்தில் புதிய தலைநகர் கண்டமைக்குக் காரணம் பலவாறு கூறப்படுகிறது. காரணம் எதுவாயினும், விளைவு ஒன்றே. ஒரு நகரைக் கட்டுதற்குக் கல்லும் செங்கல்லும் போதும். அதனை நகராக்குதற்கு மக்கள் வேண்டும். அம்மக்கள் அந்த மேட்டு நிலத்தில் முன்னரே இருந்தவரல்லர். படையினர், அரண்மனைப் பணியாளர், கொல்லர், தச்சர், நெசவாளர், எண்ணெய் வாணியர், வணிகர் எனப் பலரும் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களே. சுற்றுப்புற ஊர்ப்பெயர்கள் இதற்கு இன்றும் சான்று பகர்கின்றன. ஆயுதக்களம், உட்கோட்டை, சுண்ணாம்புக்குழி ஆகியன அவற்றுட் சில. மெய்க்காவல்புத்தூர் என்னும் பெயரோ இன்னும் தெளிவானது: மன்னனின் மெய்காவலர்க்கென அமைந்த புதிய ஊர். தமிழ்நாட்டில் ‘புத்தூர்’ என முடியும் ஒவ்வோர் ஊரும் ஒரு குடியேற்றத்தின் நினைவுச் சின்னம் என்று கொள்வதில் தவறில்லை.

இக்குடியேற்றங்கள் தாமாக நிகழ்ந்தனவா, அரசும் ஊரவைகளும் அவற்றுக்குத் துணை நின்றனவா என்னும் வினா, வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரியதன்று. வந்தவர்க்குச் சோறு போடுவது ஒன்று. வந்தவர்க்குக் கடைத்தெருவில் இடம் கொடுப்பது மற்றொன்று. முன்னது இரக்கம். பின்னது கொள்கை. இவ்விரண்டில் பின்னதே அரிது. அது சோழ நாட்டில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஆங்காங்கே காட்டுகின்றன.

இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பை விரித்துரைக்கும் புகழ்பெற்ற கல்வெட்டு, போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் இருக்கிறது. தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் ஏறிய மலை அது. அவனது 13ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டினை வரலாற்றாசிரியர்கள் மெய்க்கீர்த்திக்காகவே பெரிதும் படித்துள்ளனர். நாடுகளின் பெயர்கள் அடுக்கடுக்காய் முடிந்தபின், இறுதியில் வரும் சில வரிகளே அக்கல் வெட்டப்பட்டதன் உண்மையான நோக்கம். பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு எரிப்பதற்கும் திருவமுதுக்கும் காசு வைத்தாள் என்பதே அச்செய்தி. பேரரசனின் வெற்றிகள் அனைத்தும் ஒரு வணிகப் பெண்ணின் விளக்குக்கு முன்னுரையாய் அமைந்துவிட்டன! நன்னப்பயன், சாமுண்டப்பை ஆகிய பெயர்கள் கன்னட நாட்டுச் சாயல் உடையன. இக்குடும்பம் எத்தலைமுறையில், எங்கிருந்து வந்தது என்பதைக் கல் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை போலும். அவள் மல்லியூர் வணிகன் மனைவி, அது போதுமானதாயிருந்தது.

சோழர் காலத்தில் வணிகர் ஊர்கள் ‘நகரம்’ என்னும் தம் சொந்த அவையால் ஆளப்பட்டன. வேளாளர் ஊர்க்கு ஊர் என்னும் அவை, பிராமணர் ஊர்க்குச் சபை, வணிகர் ஊர்க்கு நகரம். இது வெறும் பெயர் வேறுபாடன்று. நகரத்தார் தம் அங்காடியைத் தாமே ஒழுங்குபடுத்தினர். நிலம் வாங்கினர், விற்றனர், அறக்கட்டளைப் பொருளை ஏற்றுக் காத்தனர். இவற்றுக்கு மேலாக, நாடுகளைக் கடந்து திரிந்த ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் ஆகிய பெருங்குழுக்கள் இருந்தன. ஐந்நூற்றுவர் தம் மூலத்தைக் கருநாட்டு ஐயாவொளேயோடு இணைத்துப் பேசினர். அவர்கள் தமிழ்நாட்டில் வாணிகம் செய்ய எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. ‘எறிவீரபட்டினம்’ எனப்படும் காவல் பெற்ற வணிகத் தளங்கள் பல தோன்றவும் இடமளிக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பாராட்டப் பெற்றான். எந்தச் சுங்கத்தை, எவ்வளவு காலத்துக்குத் தவிர்த்தான் என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆயினும் வழிப்போக்கு வணிகனின் சுமையைக் குறைத்தது ஓர் அரசனுக்குப் புகழ்ப்பெயர் ஆயிற்று என்பதே நோக்கத்தக்கது.

அயல்நாட்டவர்க்கு அளித்த சலுகைகள் இதனினும் வியப்பூட்டுவன. கி.பி. 849இல், தாணு இரவியின் ஆட்சிக் காலத்தில், வேணாட்டுத் தலைவர் ஐயனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. கடல் கடந்து வந்த மறுவான் சபீர் ஈசோ என்பார் எழுப்பிய தேவாலயம் அது. அதன் பணிக்கெனத் தச்சர், வண்ணார், ஈழவர், வேளாளர் ஆகியோரின் குடிகள் ஒதுக்கப்பட்டன. அக்குடிகளுக்கு வரிகள் நீக்கப்பட்டன. அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் காவற்பொறுப்பு ஏற்றன. அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். ஒரே ஏட்டில் இத்தனை எழுத்துகள் கூடியமை, அந்நாளைய துறைமுகத் தெரு எவ்வாறிருந்தது என்பதை ஓர் ஓவியத்தைக் காட்டிலும் நன்கு உணர்த்தும்.

நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரமும் அவ்வகையினதே. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னன் எழுப்பிய அப்பௌத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைச் செப்பேட்டில் உறுதிசெய்தவன் மகன் இராசேந்திரன். அவனே பின்னர் 1025 அளவில் கடாரத்தின்மேற் கப்பற்படை செலுத்தினான் என்பது அரசியலின் இயல்பு. எனினும் விகாரம் நிலைத்தது. 1090இல் கடாரத்து அரசனின் தூதர் வேண்ட, குலோத்துங்கன் விகாரத்துக்குரிய ஊர்களுக்கு வரிச்சலுகை அளித்தான். போர் அரசர்க்கிடையே நிகழ்ந்தது. துறைமுகத்தில் வாழ்ந்த அயலவர் அதற்குப் பொறுப்பாக்கப்படவில்லை.

கடற்கரை நாடுகள் அனைத்தும் இத்தகைய நேர்மையுடையனவாய் இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. புயலில் உடைந்து கரையொதுங்கும் கப்பலின் சரக்கு அரசனுக்கே உரியது என்பது பல துறைகளில் வழக்கம். அவ்வழக்கத்தை ஒழித்து, சரக்கில் முப்பதில் ஒரு பங்கே தீர்வையாகக் கொள்ளப்படும் என்று காகதீய மன்னன் கணபதிதேவன் 1244–45இல் மோட்டுப்பள்ளித் துறையில் கல்லில் வெட்டினான். அதற்கு ‘அபய சாசனம்’ என்றே பெயர். 

அபயம் என்னும் சொல் சமணர்க்கு அயலானதன்று. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் அது ஒன்று. அறநூற் சொல்லாக நின்றுவிடாமல், அது நிலத்தில் ஓர் எல்லையாக வரையப்பட்ட காலமும் உண்டு. திருக்கோவலூர் வட்டாரத்தில், சம்பைக்கு அருகிலுள்ள பள்ளிச்சந்தலில், கண்டராதித்தப் பெரும்பள்ளியைச் சார்ந்த இடம் ‘அஞ்சினான் புகலிடம்’ என்று கல்வெட்டில் குறிக்கப்பட்டுள்ளது. சமணமும் தமிழும் என்னும் நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி இச்செய்தியை எடுத்துக்காட்டி, அபயதானத்தின் நேரிய வடிவம் இது என விளக்கியுள்ளார். பிற்காலச் சோழர் ஆட்சி தளர்ந்து சம்புவராயர் போன்ற குறுநில மன்னர் தலையெடுத்த நாளில், வட தமிழகத்தில் இப்பெயரால் மேலும் பல இடங்கள் தோன்றின. அவற்றை வெறும் அடைக்கலப் பாளையங்களாகக் கருதலாகாது. போராலும் வரிக்கொடுமையாலும் ஊர் விட்டு ஊர் சென்ற கைக்கோளர், வாணியர், வணிகர் முதலிய தொழிலாளரை அழைத்துக் குடியமர்த்தி, தொடக்க ஆண்டுகளில் வரிகளைக் குறைத்துத் தொழில் செய்யவிட்ட ஊர்கள் அவை. தலைவனுக்கு அதில் ஆதாயம் இருந்தது: தறி ஓடினால் நாளை தறியிறை வரும். ஆதாயம் கலந்த அறம் அறமாகாது என்பாரும் உளர். ஆனால் நீடித்து நின்ற அறங்களுட் பல, இருதரப்புக்கும் ஆதாயம் தந்தவையே.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். புதியவர்க்கு நிலம் கொடுக்கையில் சில செப்பேடுகள் ‘குடிநீக்கி’ என்று ஒரு சொல்லைப் பெய்துள்ளன. முன்பிருந்த உழுகுடிகளை அகற்றிவிட்டு என்பது பொருள். அவர்கள் எங்குச் சென்றனர் என்று எழுதிவைக்க எவரும் செப்பேடு வார்க்கவில்லை. குடியேற்றத்தைப் போற்றும் வரலாறு இவ்வொரு சொல்லைத் தாண்டிச் செல்லுமாயின், அது பாதி வரலாறே.

பெரம்பலூர் நிலப்பகுதிக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், பாடாலூருக்கு அருகே ஊட்டத்தூர் இருக்கிறது. அங்குள்ள சுத்தரத்தினேசுவரர் கோயிலில், மூன்றாம் குலோத்துங்கனின் 40ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1218 அளவில், வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று, தமிழக வரலாற்றில் குடியேறியோர் தம் வாயாலேயே பேசும் அரிய சான்றாகும். பேசுபவர் இடங்கைத் தொண்ணூற்றெட்டுப் பிரிவினர். அவர்களுள் முதன்மை பெற்றவர் சுருதிமான்கள். இப்பெயர் தாங்கிய குடியினர் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் இன்றும் வாழ்கின்றனர்.

அவர்கள் கூறும் வரலாறு இது. காசிப முனிவரின் வேள்வியைக் காக்க அவர்கள் வேள்விக் குண்டத்துத் தீயினின்று தோன்றினர். பின்னர் அரிந்தமன் என்னும் வேந்தன் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட அந்தர்வேதியிலிருந்து அந்தணரைத் தென்னாட்டுக்கு அழைத்து வந்தபோது, அவர்களுக்குக் குடையும் செருப்பும் சுமந்து உடன் வந்தனர். திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர் முதலிய ஊர்களில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது. காலப்போக்கில் தம் தோற்றத்தைத் தாமே மறந்துபோயினர். அம்மறதி நீங்கி இப்போது ஒன்றுகூடி உறுதி செய்கின்றனர்: இனி ஒரு தாய் தந்தையின் மக்களைப் போல் நடப்பது, தம்முள் ஒருவர்க்கு வரும் நன்மையும் தீமையும் எல்லார்க்கும் பொது, தம் உரிமைக்கு ஊறு நேரின் அதனை நிலைநாட்டும் வரை ஓயாமை. பொது அவையில் தம்மை அடையாளம் காட்டும் கொம்பு, குடை, சங்கு, கொக்கின் இறகு, தொங்கவிட்ட கூந்தல் ஆகியவற்றையும் குறிப்பிடுகின்றனர். ஒப்பந்தத்தை மீறுவோர் குழுவினின்று நீக்கப்படுவர்.

இக்கதையை எழுத்தெழுத்தாக உண்மை எனக் கொள்வார் இல்லை. கொல்லிமலை, பச்சைமலைச் சாரல்களில் வேட்டையும் வீரமும் தொழிலாகக் கொண்டிருந்து, சோழர் படைகளிற் சேர்ந்து சமவெளிக்கு இறங்கி நிலம் பெற்ற உள்ளூர்க் குடியினரே இவர்கள் என்பது கரோஷிமா முதலிய ஆய்வாளர் கருத்து. அது சரியாயின், இக்கல்வெட்டு முன்னினும் சுவையுடையதாகிறது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் தம்மை வெளியிலிருந்து வந்தவர்களாகச் சொல்லிக்கொண்டனர்! வந்தேறி என்பது அந்நாளில் வசைச்சொல் அன்று. அரசன் அழைத்து வந்தான், நிலம் கொடுத்தான் என்பதே உரிமைப் பத்திரம். எந்த ஊரில் நெடுங்காலம் இருந்தாய் என்று உலகம் கேட்கவில்லை. எவர் அழைக்க வந்தாய் என்று கேட்டது. இன்று அவ்வினா தலைகீழாயிற்று.

மற்றொன்றும் இதில் உண்டு. அரசன் நிலம் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கொடை கிடைத்த குடி, அதனைக் காத்துக்கொள்ளத் தனக்கென ஓர் அமைப்பைக் கண்டது. சிறுபான்மையினராய் வாழும் எச்சமூகமும் இதன் பொருளை எளிதில் உணரும்.

இவ்வமைப்பின் ஆற்றல் இரு நூற்றாண்டுகள் கழித்து வெளிப்பட்டது. 1429இல், விசயநகர ஆட்சியின்கீழ், அலுவலரும் நிலவுரிமையாளரும் வரிகளை ஏற்றிக்கொண்டே சென்றபோது, வலங்கைத் தொண்ணூற்றெட்டும் இடங்கைத் தொண்ணூற்றெட்டும் ஒன்றாய்க் கூடின. பெரம்பலூர்ப் பகுதியின் ஆடுதுறையிலும், சோழநாட்டுக் கொறுக்கை, திருவைகாவூர் முதலிய ஊர்களிலும் அவர்களின் தீர்மானங்கள் கல்லில் உள்ளன. நியாயமான வரி எவ்வளவோ அவ்வளவே செலுத்துவது, அதற்கு மேற்பட்டதைச் செலுத்துவதில்லை என்பதே சாரம். பிற காலங்களில் ஒருவரோடொருவர் கொடியும் குடையும் பற்றிச் சண்டையிட்ட இரு பிரிவினர் இவர்கள். பழங்குடி, புதுக்குடி என்னும் வேறுபாடு வரிப்புத்தகத்தின் முன் மறைந்துபோயிற்று.

பாளையக்காரர் காலத்திலும் இந்நிலம் புகலிடமாகவே இருந்தது. அரியலூரை மழவராயர்களும், உடையார்பாளையத்தைக் காலாட்கள் தோழ உடையார்களும் ஆண்டனர். இத்தாலியிற் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை நிறுவ, அரியலூர் அரங்கப்ப மழவராயர் நிலம் வழங்கினார். சதுரகராதி தந்த அம்முனிவரின் தமிழ்ப்பணிக்கு இவ்வூர் நிலைக்களனாயிற்று. அதற்குச் சற்று முன்னர், 1688இல், போர் அச்சத்தால் காஞ்சி வரதராசப் பெருமாளின் திருமேனி உடையார்பாளையத்துக்கு எடுத்துவரப்பட்டது. அச்சம் நீங்கித் திருப்பி அனுப்ப வேண்டிய காலம் வந்தபோது பாளையக்காரர் மனம் ஒப்பவில்லை. தோடர்மால் என்னும் தலைவர் படையோடு வந்தபின், 1710இல் பெருமாள் காஞ்சிக்கு மீண்டார். விருந்தினரை வரவேற்பதினும் வழியனுப்புவது கடினம் என்று அவ்வூரார் நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் கடல் வழியாகவே மீண்டும் வந்தனர். இம்முறை வந்தவர்கள் தமிழர்களே. 1964இல் பர்மாவில் நெ வின் ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்க, தலைமுறை தலைமுறையாய் வணிகம் செய்த குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறின. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலையகத்தில் நாடற்றவர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வாறு பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் அந்த ஒப்பந்தங்களில் எங்கும் கேட்கப்படவில்லை.

ஆயினும் அரசுகள் கைகட்டி நிற்கவில்லை. தாயகம் திரும்பியோர்க்கு வேலை தர நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. 1969இல் ரெப்கோ வங்கி என இன்று அறியப்படும் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி சென்னையில் தொடங்கப் பெற்றது. வந்தேறியோர்க்கெனவே, அவர்களையே உறுப்பினராகக் கொண்டு, தொழிற்கடன் வழங்க அமைந்த நிறுவனம் உலகில் அரிதினும் அரிது. பர்மாவிலிருந்து வந்தவர்க்குச் சென்னைக் கடற்கரைச் சாலையில் கடைகள் கிடைத்தன. பர்மா பசார் எழுந்தது. அவர்கள் வணிகம் அறிந்தவர்கள், தளிர்த்தனர். மலையகத்தார் நிலை வேறு. கொழுந்து பறிப்பதையன்றிப் பிறிதொரு தொழில் கண்டறியாத குடும்பங்களிடம் வணிகக் கடன் என்று சிறு தொகையைக் கொடுத்து, வறண்ட ஊர்களில் பெட்டிக்கடை வைக்கச் சொன்னால் எத்தனை நாள் நடக்கும்? பலர் கடையை மூடிவிட்டுக் குளிர்மலை தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றனர். உதவியின் அளவைக் காட்டிலும் அதன் பொருத்தம் முதன்மையானது என்பதைச் சம்புவராயர் காலத்து அலுவலர் அறிந்திருந்தனர். நெசவாளனைத் தறியோடு அமர்த்தினர். வாணியனைச் செக்கோடு அமர்த்தினர்.

1983க்குப் பின் போரினால் இலங்கையிலிருந்து வந்தோர்க்குத் தமிழகமெங்கும் முகாம்கள் அமைந்தன. பெரம்பலூரில் துறைமங்கலத்து முகாம் அவற்றுள் ஒன்று. 2021இல் தமிழக அரசு, வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது உள்ளிட்ட 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்ததோடு, அகதிகள் முகாம் என்னும் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்றும் மாற்றியது. முகாம்களிலேயே பிறந்து, பள்ளி, கல்லூரி முடித்து, இன்று தாமே பெற்றோராகிவிட்ட ஒரு தலைமுறை உள்ளது. சொந்தப் பெயரில் நிலமோ, தொழிலுக்கு வங்கிக் கடனோ பெறுவதற்குக் குடியுரிமை இன்மை அவர்களுக்குப் பெருந்தடை. ஊட்டத்தூர்க் கல் வெட்டியவர்களுக்கு ஒரு வேந்தன் பெயரேனும் காட்டக் கிடைத்தது.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகிறது. அவ்வாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் பீகார், ஒடிசா, சார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். மாலையில் கடைத்தெருவில் அவர்கள் இந்தியில் விலை கேட்கக் கடைக்காரர் இந்தியும் தமிழும் கலந்து விடையிறுக்கிறார். அங்கிருந்து கிழக்கே ஜெயங்கொண்டத்தில், சோழர் தலைநகராய் இருந்த அதே வட்டாரத்தில், கல்லில் வடித்த தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று உள்ளது. அதனை நிறுவி வழிபட்ட சிராவகர் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன, எப்போது எவ்வூருக்குப் பெயர்ந்து சென்றன என்று கூறும் கல்வெட்டு எதுவும் அதன் அருகில் இல்லை.